தவறு எப்படித் தெரியவரும்?

ஆய்வேடுகள் வந்து சேரும் மேசையில் பல ஆண்டுகளாக வேலை பார்க்கிறேன். எந்தத் துறையிலும் நான் முனைவர் பட்டம் பெற்றவன் அல்லன். பக்க எண், அடிக்குறிப்பு, துணைநூற்பட்டியல் எல்லாம் விதிப்படி இருக்கின்றனவா என்று சரிபார்த்து அலமாரிக்கு அனுப்புவதோடு என் பொறுப்பு முடிந்துவிடும். ஆனால் கைக்கு வந்ததைப் புரட்டாமல் அனுப்ப எனக்கு மனம் வருவதில்லை. அப்படிப் புரட்டியதில் சேர்ந்த ஓர் எண்ணத்தை, அண்மையில் நடந்த சிறு நிகழ்ச்சி ஒன்றை ஒட்டி இங்கே எழுதிவைக்கிறேன்.

ஆய்வுக்குப் பதிவு செய்வோர் அனைவரும் நிரப்ப வேண்டிய படிவம் ஒன்று இருக்கிறது. இயற்பியலுக்கும் அதே படிவம், சட்டத்துக்கும் அதே படிவம். கருதுகோள் என்ன, மாதிரி அளவு எவ்வளவு, தரவு எப்படித் திரட்டப்படும், எந்தப் புள்ளியியல் சோதனை பயன்படுத்தப்படும் என்று வரிசையாகக் கட்டங்கள். சட்டத்துறை மாணவர் ஒருவர் மாதிரி அளவுக்கான கட்டத்தை வெறுமையாக விட்டிருந்தார். படிவம் திரும்பி வந்தது. மறுமுறை அதில் ‘214 தீர்ப்புகள்’ என்று எழுதினார், உடனே ஏற்கப்பட்டது. “படித்தது அதைவிட அதிகம் சார், ஆனால் என் வாதம் நிற்பது மூன்றே மூன்று தீர்ப்புகளின் மேல்தான்” என்று அவர் சொன்னபோது இருவரும் சிரித்துவிட்டோம். பிறகு யோசித்துப் பார்த்தால் சிரிக்கத்தக்க செய்தியாக அது தோன்றவில்லை.

சட்ட ஆய்வின் பெரும்பகுதி எண்ணிக்கையால் நடப்பதன்று. சட்டவிதியின் சொற்களையும், அது இயற்றப்பட்டபோது நடந்த விவாதங்களையும், அதன்மேல் வந்த தீர்ப்புகளையும் அருகருகே வைத்துப் படித்து, இந்த இரண்டு தீர்ப்புகளும் ஒருசேர நிற்க முடியாது என்றோ, இவை எல்லாவற்றுக்கும் அடியில் யாரும் பெயரிடாத ஒரு கோட்பாடு இருக்கிறது என்றோ காட்டுவதுதான் அந்த வேலை. சிறந்த எடுத்துக்காட்டு ஒன்று சொல்கிறேன். 1965இல் ஜெர்மானியச் சட்ட அறிஞர் டீட்ரிச் கொன்ராட் பனாரஸ் இந்து பல்கலைக்கழகத்தில் ஓர் உரை நிகழ்த்தினார். அரசமைப்புச் சட்டத்தைத் திருத்தும் அதிகாரத்துக்கு எல்லையே இல்லை என்றால், உயிருக்கும் தனிமனிதச் சுதந்திரத்துக்கும் பாதுகாப்பளிக்கும் 21ஆம் பிரிவையே நீக்கிவிட முடியுமா, முகலாயப் பேரரசரின் ஆட்சியையோ இங்கிலாந்து முடியாட்சியையோ திருத்தத்தின் வழியாகவே திரும்பக் கொண்டுவர முடியுமா என்று அவர் கேட்டார். ஹிட்லருக்கு முந்தைய ஜெர்மனியின் வைமார் அரசமைப்பு உள்ளிருந்தே குலைக்கப்பட்டதைக் கண்ட நாட்டிலிருந்து வந்தவரின் கேள்வி அது. வழக்கறிஞர் எம்.கே. நம்பியார் அந்த வாதத்தை 1967ஆம் ஆண்டின் கோலக்நாத் வழக்கில் நீதிமன்றத்துக்கு எடுத்துச் சென்றார். 1973இல் கேசவானந்த பாரதி வழக்கில் 13 நீதிபதிகள் அமர்ந்து, ஏழுக்கு ஆறு என்ற மயிரிழைப் பெரும்பான்மையில், அரசமைப்பின் அடிப்படைக் கட்டமைப்பை நாடாளுமன்றத்தால் மாற்ற முடியாது என்று தீர்ப்பளித்தனர். கொன்ராட் நம் படிவத்தை நிரப்பியிருந்தால் மாதிரி அளவு பூச்சியம், புள்ளியியல் சோதனை ஏதுமில்லை என்றுதான் எழுதியிருக்க வேண்டும். படிவம் அவருக்கும் திரும்பி வந்திருக்கும்.

ஆய்வுத்துறைகள் எதை ஆராய்கின்றன என்பதால் வேறுபடுகின்றன என்று நாம் பொதுவாக நினைக்கிறோம்: ஒன்று துகளை, ஒன்று செல்லை, ஒன்று சட்டத்தை. என் மேசையிலிருந்து பார்க்கையில் அந்த வேறுபாடு மேலோட்டமானதாகவே படுகிறது. ஒரு துறையில் ஒருவர் தவறு செய்தால் அது எவ்வாறு, எவ்வளவு காலத்தில், யார் கையால் தெரியவரும் என்பதில்தான் அவை உண்மையாகவே பிரிகின்றன.

கணிதத்தைப் பாருங்கள். ஆண்ட்ரூ வைல்ஸ் 1993 ஜூன் மாதம் கேம்பிரிட்ஜில் ஃபெர்மாவின் கடைசித் தேற்றத்துக்கு நிரூபணம் கண்டதாக அறிவித்தார். உலக நாளிதழ்கள் முதல் பக்கத்தில் அதை வெளியிட்டன. கையெழுத்துப் படியை வரி வரியாகச் சரிபார்க்கையில் ஓரிடத்தில் ஒரு படி அடுத்த படிக்கு இட்டுச் செல்லவில்லை என்பது தெரியவந்தது. மற்றப் பகுதிகள் எவ்வளவு அழகாக இருந்தாலும் அந்த ஓர் இடைவெளி போதும், நிரூபணம் நிரூபணம் ஆகாது. ஏறத்தாழ ஓராண்டு அல்லாடிய பின், தம் முன்னாள் மாணவர் ரிச்சர்ட் டெய்லரின் துணையோடு 1994 செப்டம்பரில் அவர் அதை அடைத்தார். 1995இல் அது அச்சேறியது. தவறு உண்டா இல்லையா என்பதில் இங்கே இடைநிலை கிடையாது. அதனால்தான் பக்கக் கணக்கும் இங்கே எடுபடுவதில்லை. கணிதர் ஜான் நாஷுக்குப் பொருளியல் நோபலை ஈட்டித்தந்த கருத்தைத் தாங்கிய ஆய்வேடு சுமார் 30 பக்கங்களே கொண்டது. எங்கள் அலமாரியில் அது சட்ட ஆய்வேடுகளுக்கு இடையே வைக்கப்பட்டால் கண்ணுக்கே தெரியாது.

இயற்பியலில் தவறு வேறு வழியாக வரும். 2011 செப்டம்பரில் ஓபரா என்ற ஆய்வுக்குழு, ஜெனிவா அருகிலுள்ள செர்ன் ஆய்வுக்கூடத்திலிருந்து இத்தாலியின் கிரான் சாசோ ஆய்வுக்கூடம் வரை சுமார் 730 கிலோமீட்டர் பயணம் செய்த நியூட்ரினோக்கள் என்னும் நுண்துகள்கள், ஒளி வந்து சேர வேண்டிய நேரத்தைவிட 60 நானோநொடி முந்தி வந்ததாக அறிவித்தது. கணக்கில் பிழை தெரியவில்லை. புள்ளியியல் வலிமையோ துகள் இயற்பியல் கண்டுபிடிப்புக்குக் கேட்கும் ஐந்து சிக்மாவையும் தாண்டியிருந்தது. அதாவது தற்செயலால் அப்படி ஒரு முடிவு வருவதற்கு 35 லட்சத்தில் ஒரு வாய்ப்புக்கும் குறைவு. எனினும் முடிவு தவறுதான். சரியாகப் பொருத்தப்படாத ஓர் ஒளியிழைக் கம்பி அதற்கு முதன்மைக் காரணம் என்று 2012இல் தெரியவந்தது. தற்செயலை மட்டுமே அளக்கும் சிக்மாவால் தளர்ந்த இணைப்பை எப்படிக் காட்ட முடியும்? அரை ஆண்டுக்குள் பிழையைக் கண்டுபிடித்துத் தாமே சொன்னார்கள் என்பதை நான் அத்துறையின் பெருமையாகவே கருதுகிறேன்; கேலி செய்தவர்களோடு எனக்கு உடன்பாடில்லை.

உளவியலில் பிழை தனி ஓர் ஆய்வுக்குள் ஒளிந்திருப்பதைவிட, துறையின் மொத்தப் பழக்கத்தில் ஒளிந்திருக்கும். 2015இல் நூறு ஆய்வுகளை மறுபடியும் செய்து பார்த்த பெரிய கூட்டு முயற்சி ஒன்றில், மூல ஆய்வுகளுள் 97 விழுக்காடு புள்ளியியல்படி பொருட்படுத்தத்தக்க முடிவைத் தந்திருக்க, மறுமுறையில் 36 விழுக்காடே அவ்வாறு தந்தன. எந்த ஆய்வாளரும் பொய் சொன்னதாக அதற்குப் பொருளில்லை. வெற்றி பெற்ற முடிவுகளை மட்டும் அச்சிடும் வழக்கம் பல்லாண்டு நடந்தால் விளைவு இப்படித்தான் இருக்கும்.

சட்டத்துக்கு வருகிறேன். இங்கே தவறைக் காட்டும் கருவி எது? 1976இல், நெருக்கடி நிலை நடப்பில் இருந்தபோது, சட்டவிரோதமாகச் சிறை வைக்கப்பட்டவரும் ஆட்கொணர்வு மனுவோடு நீதிமன்றத்தை நாட முடியாது என்று இந்திய உச்ச நீதிமன்றம் ஏ.டி.எம். ஜபல்பூர் வழக்கில் தீர்ப்பளித்தது. ஐவரில் நால்வர் ஒரு பக்கம், எச்.ஆர். கன்னா ஒருவர் மறு பக்கம். மறு ஆண்டு அவரைத் தாண்டி இளையவர் ஒருவர் தலைமை நீதிபதி ஆக்கப்பட, கன்னா பதவி விலகினார். 2017 ஆகஸ்டு 24 அன்று, அந்தரங்கத்துக்கான உரிமை குறித்த புட்டசாமி வழக்கில், ஒன்பது நீதிபதிகள் அமர்வுதான் அந்தப் பெரும்பான்மைத் தீர்ப்பு தவறு என்று வெளிப்படையாகத் தள்ளிவைத்தது. இடையில் 41 ஆண்டுகள். 1976க்கும் 2017க்கும் இடையில் எந்தக் கருவியும் புதிதாக வரவில்லை. எந்தச் சோதனையும் திரும்பச் செய்யப்படவில்லை. படித்தவர்கள் எழுதினார்கள், எழுதியதை மற்றவர்கள் படித்தார்கள், இறுதியில் அதைச் சொல்ல அதிகாரம் உள்ள ஓர் அமர்வு சொன்னது. அதிகாரம் உள்ளவர் சொன்னால்தான் தவறு தவறாகும் என்பது அறிவியல் படித்தவர்களுக்கு ஒவ்வாத செய்தி என்று அறிவேன். எனக்கும் முழுமையாக ஒப்பவில்லை. ஆனால் அப்படித்தான் அந்தத் துறை இயங்குகிறது.

இதில் அறிவியல் பொறாமைப்பட வேண்டிய ஒன்றும் இருக்கிறது. தோற்ற கருத்தையும் சட்டம் அச்சிட்டு வைக்கிறது. கன்னாவின் மாறுபட்ட தீர்ப்பு, பெரும்பான்மையின் தீர்ப்போடு அதே தொகுதியில், அதே எழுத்தளவில் இருக்கிறது. அதனால்தான் பின்னால் வந்தவர்கள் அதை எடுத்தாள முடிந்தது. ஹிக்ஸ் துகளின் நிறையைப் பற்றி 2015இல் வெளியான கட்டுரை ஒன்றில் 5,154 ஆசிரியர்கள். 33 பக்கங்களில் 24 பக்கம் அவர்கள் பெயர்களும் நிறுவனங்களுமே. அத்தனை பேரில் ஒருவருக்கும் எந்த வரியிலும் ஐயம் இருந்திருக்காதா? இருந்திருந்தால் அது அந்த 33 பக்கங்களில் இல்லை. ஓபரா குழுவிலும் சிலர் முதல் அறிவிப்பில் தம் பெயரைச் சேர்க்க மறுத்தார்கள். அவர்களுடைய மறுப்பு பட்டியலில் சில பெயர்கள் இல்லாமல் போனதாக மட்டுமே பதிவாகியிருக்கிறது. அவர்கள் ஏன் மறுத்தார்கள் என்பதைக் கட்டுரையைப் படித்து அறிய முடியாது.

இப்படி வெவ்வேறு வழக்கங்களில் வளர்ந்தவர்கள் ஒரே கூடத்தில் சந்திக்கையில், ஒருவர் மற்றவரின் தவறு எங்கே ஒளிந்திருக்கும் என்று அறியாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு சாலி கிளார்க் வழக்கு சான்று. இங்கிலாந்தைச் சேர்ந்த அவருடைய இரு கைக்குழந்தைகள் அடுத்தடுத்து இறந்தன. கொலை என்று 1999இல் தண்டிக்கப்பட்டார். இது போன்ற குடும்பத்தில் ஒரு குழந்தை காரணம் தெரியாமல் இறக்கும் வாய்ப்பு 8,543இல் ஒன்று என்று எடுத்துக்கொண்டு, அதை அதனாலேயே பெருக்கி, இரு குழந்தைகளும் அவ்வாறு இறக்கும் வாய்ப்பு 7.3 கோடியில் ஒன்று என்று சாட்சிக் கூண்டில் நின்ற குழந்தை மருத்துவர் கூறினார். ஒரே தாய், ஒரே வீடு, ஒரே மரபணு வழி என்னும்போது இரண்டு இறப்புகளும் ஒன்றோடொன்று தொடர்பற்றவை என்று எப்படிக் கொள்வது? அதற்கும் மேலாக, அந்த எண் சரியே என்று வைத்துக்கொண்டாலும், அது அவர் குற்றமற்றவராக இருப்பதற்கான வாய்ப்பு ஆகாது. இரண்டு குழந்தைகளை ஒரு தாய் அடுத்தடுத்துக் கொல்வதும் அரிதிலும் அரிது. ஒரு அரிய நிகழ்வை மற்றோர் அரிய நிகழ்வோடு ஒப்பிட வேண்டுமே தவிர, தனியே நிறுத்தி அச்சுறுத்தக் கூடாது. பிரிட்டனின் அரசப் புள்ளியியல் கழகம் (Royal Statistical Society) 2001இல் இந்தக் கணக்கைப் பகிரங்கமாக மறுத்தது. குழந்தை ஒன்றின் உடற்கூறாய்வின் நுண்ணுயிர்ச் சோதனை முடிவுகள் சாலி கிளார்க்கின் தரப்புக்குத் தரப்படவில்லை என்பதும் வெளியாகி, 2003இல் அவர் விடுதலை ஆனார்.

அந்தக் கூடத்தில் இருந்த சட்ட அறிஞர்கள் எவரும் மந்தமானவர்கள் அல்லர். சாட்சி முன்னுக்குப்பின் முரணாகப் பேசினால் அரை நிமிடத்தில் பிடித்துவிடக்கூடியவர்கள். ஆனால் தவறு சாட்சியின் சொற்களில் இல்லை, ஒரு பெருக்கல் குறியில் இருந்தது. அங்கே தேட வேண்டும் என்று அவர்களுக்குப் பழக்கப்படவில்லை. அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1993இல் டாபர்ட் வழக்கில் இந்தச் சிக்கலைத்தான் கையில் எடுத்தது. வல்லுநர் சாட்சியத்தை ஏற்பதற்கு முன், அந்த முறை சோதித்துப் பார்க்கக்கூடியதா, சக வல்லுநர் மதிப்பாய்வுக்கு உட்பட்டதா, அறியப்பட்ட பிழை விகிதம் என்ன, துறையில் பொதுவாக ஏற்கப்பட்டதா என்பவற்றை நீதிபதி பார்க்கலாம் என்றது. பிழை விகிதம் என்ற சொல் நீதிபதிகளின் மேசைக்கு அப்படி வந்தது.

சட்ட ஆய்வுக்கு நான் வக்காலத்து வாங்குவதாகத் தோன்றினால் அதையும் திருத்திவிடுகிறேன். தம் வாதத்துக்குப் பொருந்தும் முன்தீர்ப்புகளைத் தேடித் தேடி அடுக்கி, பொருந்தாதவற்றை ஓர் அடிக்குறிப்பில் புதைக்கும் ஆய்வேடுகளை நிறையக் கண்டிருக்கிறேன். பொருந்தாத தரவை மறைத்த உயிரியலாளரை மோசடிக்காரர் என்கிறோம். பொருந்தாத தீர்ப்பை ஒதுக்கியவரை வாதத்திறம் மிக்கவர் என்கிறோம். வழக்கறிஞருக்கு அது தொழில் தர்மமாக இருக்கலாம், ஆய்வாளருக்கு ஆகாது.

மதிப்பெண் போடும் இடத்தில்தான் எனக்குக் கோபம் அதிகம். ஓர் ஆய்வாளரின் கட்டுரைகளை மற்றவர்கள் எத்தனை முறை மேற்கோள் காட்டினார்கள் என்பதைக் கொண்டு அவருக்கு ஓர் எண் தரும் எச்-குறியீட்டை 2005இல் முன்மொழிந்த இயற்பியலாளர் ஹிர்ஷே, உயிரியல் துறைகளில் அது இயற்பியலைவிடக் கூடுதலாக அமையும், துறைக்குத் துறை மாறும் என்று எழுதியிருக்கிறார். பல தேர்வுக்குழுக்கள் குறியீட்டை எடுத்துக்கொண்டு எச்சரிக்கையை விட்டுவிட்டன. நாற்பது ஆண்டு கழித்து ஓர் அமர்வு எடுத்தாளப்போகும் சட்டக் கட்டுரைக்கும், பத்து ஆண்டுக்கு ஒருமுறை எழுதும் கணிதருக்கும் இதில் இடமே இல்லை.

படிவத்தைத் திருத்துவது பற்றி எங்களிடம் கருத்துக் கேட்டிருந்தார்கள். கருதுகோள், மாதிரி அளவு, சோதனை ஆகிய மூன்று கட்டங்களையும் எடுத்துவிட்டு, ‘எது காட்டப்பட்டால் உங்கள் முடிவு தவறு என்று ஒப்புக்கொள்வீர்கள்?’ என்ற ஒரே கேள்வியை வைக்கலாம் என்று எழுதிக் கொடுத்தேன். அந்தச் சட்ட மாணவரிடமும் அதைக் காட்டினேன். நெடுநேரம் யோசித்துவிட்டு, “இதற்கு 214 என்று எழுதித் தப்பிக்க முடியாது சார்” என்றார். பரிந்துரைக்கு இன்னும் பதில் வரவில்லை.