ஆண்மை என்ற அந்த ஒற்றைச் சொல்

வீரத்துக்கும் ஆண்மை என்கிறோம். பேருந்து நிலையச் சுவரில் ஒட்டியிருக்கும் வைத்தியர் நோட்டீஸிலும் அதே ஆண்மைதான், கூடவே 'குறைவு' என்று சேர்த்திருப்பார்கள். முதல் உலகப் போரிலிருந்து பிழைத்து வந்தவர்களைப் பற்றிய நாவல்களைப் படிக்கும்போதெல்லாம் இந்தச் சொல் என்னைப் போட்டு அலைக்கழிக்கிறது.

ஹெமிங்வேயின் 'தி சன் ஆல்சோ ரைசஸ்' (1926) நாவலில் வரும் ஜேக் பார்ன்ஸ் இத்தாலியப் போர்முனையில் அடிபட்டவன். பாரிஸில் பத்திரிகை வேலை. என்ன காயம் என்று அவன் எங்கேயும் உடைத்துச் சொல்வதில்லை. ஓர் இரவு அறைக்கு வந்து உடை மாற்றும்போது அலமாரிக் கண்ணாடியில் தன்னைப் பார்க்கிறான். கட்டிலுக்குப் பக்கத்தில் இப்படி அலமாரி போடுவது பிரெஞ்சுக்காரர் வழக்கம் என்று மனம் ஏதோ சொல்லிக்கொள்கிறது. அடுத்த வரியிலேயே காயத்துக்குத் தாவிவிடுகிறது. அப்புறம் விளக்கை அணைத்துப் படுத்து, தான் காதலிக்கும் பெண்ணான பிரெட் ஆஷ்லியை நினைத்து அழுகிறான்.

கல்லூரி நாட்களில் படித்தபோது நானும் அவனை 'ஆண்மை போனவன்' என்றுதான் புரிந்துகொண்டேன். அது தப்பு. 1958இல் வெளியான ஒரு பேட்டியில் ஹெமிங்வே இதை அழுத்தமாகவே மறுக்கிறார்: ஜேக் காயடிக்கப்பட்டவன் அல்ல, ஓர் ஆணுக்குரிய எல்லா உணர்வும் அவனுக்கு உண்டு, உடலுறவு கொள்ள மட்டும்தான் முடியாது. ஆசை துளியும் குறையவில்லை, அதுதான் கொடுமை. மருத்துவமனையில் ஓர் இத்தாலியக் கர்னல் வந்து, 'நீ உயிரைவிட மேலானதைக் கொடுத்திருக்கிறாய்' என்று அவனைப் பாராட்டுகிறார். ஓர் உறுப்பை உயிருக்கு மேலே வைக்கிற கணக்கு அது. ஜேக்கைக் குண்டு ஒருமுறைதான் காயப்படுத்தியது, இந்தக் கணக்கு தினமும் காயப்படுத்துகிறது என்பது என் எண்ணம்.

ஆங்கில நாவலாசிரியர் டி. எச். லாரன்ஸ் மேல் எனக்குக் கோபமே உண்டு. 'லேடி சாட்டர்லீஸ் லவர்' (1928) நாவலில் இடுப்புக்குக் கீழே செயலிழந்து போரிலிருந்து வரும் கிளிஃபோர்டின் ஊனத்தை, அவனுடைய மனம் மரத்துப்போனதற்கு அடையாளம் ஆக்கிவிட்டார். சக்கர நாற்காலியில் இருப்பவனுக்கு அன்பு வராது என்று யார் சொன்னது?

வர்ஜீனியா வூல்ஃப் அப்படிச் செய்யவில்லை. அவருடைய 'மிஸஸ் டாலோவே' (1925) நாவலில் போரிலிருந்து திரும்பி வரும் செப்டிமஸுக்கு உடம்பில் காயமே கிடையாது. போருக்கு முன்னால் அவனுடைய அலுவலக மேலாளர், பையன் நோஞ்சானாக இருக்கிறான் என்று கால்பந்து ஆடச் சொல்கிறார். கால்பந்து தராத ஆண்மை பதுங்குகுழியில் உடனே வந்துவிட்டதாக வூல்ஃப் எழுதுகிறார். வந்த அந்த ஆண்மை என்ன? போர் முடியப்போகும் நேரத்தில் நெருங்கிய நண்பன் எவன்ஸ் செத்துப்போகிறான். செப்டிமஸுக்கு அழுகை வரவில்லை, அதை நினைத்துத் தன்னையே மெச்சிக்கொள்கிறான். பிறகு எதுவுமே உள்ளே இறங்குவதில்லை. மனைவி ரேசியா குழந்தை கேட்கிறாள், அவனுக்கு உடலுறவே அருவருப்பாக இருக்கிறது. எவன்ஸ் மேல் அவனுக்கு இருந்தது நட்பா, காதலா? வூல்ஃப் பெயர் வைக்காமல் விட்டிருக்கிறார். நாமும் அவசரப்பட வேண்டாம்.

எனக்குப் பிடித்த இடம் கடைசியில் வருகிறது. ரேசியா தொப்பி தைப்பவள். பக்கத்து வீட்டம்மாவின் மகளுக்கு ஒரு தொப்பி தைத்துக்கொண்டிருக்கிறாள். செப்டிமஸ் அதைப் பார்த்து, குரங்காட்டியின் குரங்குக்குத்தான் சரியாக இருக்கும் என்கிறான். இரண்டு பேரும் சிரிக்கிறார்கள். அப்புறம் அவனே ரிப்பன்களையும் மணிகளையும் எடுத்து, எந்த நிறத்துக்குப் பக்கத்தில் எது என்று சேர்த்து வைக்கிறான். அவன் வைத்தபடியே அவள் தைக்கிறாள். இவ்வளவு சந்தோஷமாக அவள் இருந்ததே இல்லை. அந்த நாவலில் இதைவிட நெருக்கமான தாம்பத்தியக் காட்சி எனக்குத் தெரியவில்லை.

சற்று நேரத்தில் டாக்டர் ஹோம்ஸ் மாடிப்படி ஏறி வருகிறார். உடம்புக்கு ஒன்றுமில்லை என்று சொல்லிக்கொண்டே இருந்தவர் அவர். செப்டிமஸ் ஜன்னல் வழியாகக் குதித்துவிடுகிறான். கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே வரும் டாக்டர் கத்துகிற சொல்: கோழை!