எச்எக்ஸ்50 ஹெலிகாப்டர் ஃபார்வர்டு: டாக்ஸி எல்லாம் ஓட்ட முடியாதுங்க

"இங்கிலாந்து ஸ்டார்ட்அப் ஹில் ஹெலிகாப்டர்ஸ் செஞ்ச எச்எக்ஸ்50க்கு அரசாங்க சர்டிபிகேட் கிடைச்சாச்சு, யார் வேணா வாங்கி ஏர் டாக்ஸி ஓட்டலாம்"னு ஒரு மெசேஜ் சுத்துது. இது தப்பு.

எச்எக்ஸ்50 சொந்த உபயோகத்துக்கு மட்டும்தான், வாங்குறவரே ஃபேக்டரிக்குப் போய் கட்டுற வேலைல பங்கெடுத்துக்கணும், அந்த கேட்டகிரில வர்ற வண்டிய வாடகைக்கு விட முடியாது. வாடகைக்கு ஓட்டுறதுக்குன்னு எச்.சி.50ன்னு (HC50) தனி மாடல், டைப் சர்டிபிகேட்டுக்கு (அந்த மாடலோட டிசைன் பாதுகாப்பானதுன்னு அரசாங்கம் தர்ற ஒப்புதல்) போறது அதுதான். இத கம்பெனி வெப்சைட்லயே போட்டிருக்காங்க, சர்டிபிகேட் விஷயத்த பிரிட்டனோட விமானப் போக்குவரத்து ஆணையமான சிஏஏ சைட்ல பாத்துக்கலாம். ஃபார்வர்டுல பளபளன்னு பறக்குறது கம்ப்யூட்டர்ல வரைஞ்ச படம்.

அதுக்காக மோசடி கம்பெனின்னு இன்னொரு குரூப் கிளப்பிவிடுறதும் ஓவர். சின்னதா ஆரம்பிச்சு சாதிச்சவங்களும் உண்டு: அமெரிக்காவுல ஃபிராங்க் ராபின்சன் 1973ல வீட்லதான் ஹெலிகாப்டர் கம்பெனி ஆரம்பிச்சாரு, அவரோட ஆர்22 ஹெலிகாப்டர் 1975ல பறந்துச்சு, சர்டிபிகேட் வந்தது 1979ல, ஆனா அவரு எடுத்தது ஏற்கெனவே இருந்த லைகமிங் இன்ஜின். ஹில் கம்பெனிக்காரங்க ஜிடி50ன்னு 500 குதிரைசக்தி டர்பைன் இன்ஜினயும் தாங்களே செய்யுறாங்க, புது ஹெலிகாப்டரும் புது இன்ஜினும் ஒரே நேரத்துல, ரொம்பப் பேருக்கு சந்தேகமே அங்கதான் (எனக்கும்தான்). 2020ல அறிவிச்சப்போ 2022லயே பறக்கும்னாங்க, அது தள்ளிப்போச்சு.

அட்வான்ஸ் கட்டுறவங்க இதெல்லாம் பாத்துட்டு கட்டுங்க. அந்த மெசேஜ மட்டும் இனி யாருக்கும் அனுப்பாதீங்க, அனுப்பிருந்தா அதே குரூப்ல தப்புன்னு ஒரு வரி போட்டுடுங்க.