அரக்குத் தட்டில் ஸ்பிரிட் வேண்டாம்

அண்ணா, பழைய நாட்டார் பாடல் இசைத்தட்டு எதுவானாலும் ஸ்பிரிட்டால் துடைத்தால் பளிச்சென்று ஆகி விலை கூடும் என்று எழுதியிருக்கிறீர்கள். தயவுசெய்து நிமிடத்துக்கு 78 முறை சுற்றும் பழைய தட்டுகளுக்கு இதைச் செய்யாதீர்கள். அவற்றில் பெரும்பாலானவை வினைல் என்ற பிளாஸ்டிக் அல்ல, அரக்குக் கலவை. ஸ்பிரிட் அரக்கைக் கரைத்துவிடும். பாட்டு பதிந்த கோடே அழிந்தபின் யார் விலை கேட்பார்கள்?

வீட்டில் உடைந்த 78 சுற்றுத் தட்டின் துண்டு ஒன்று இருந்தால் பஞ்சில் ஸ்பிரிட் தொட்டுத் தேய்த்துப் பாருங்கள், பஞ்சு கறுத்துப்போகும். முழுத் தட்டென்றால் லேபிளில் வேகத்தைப் பாருங்கள். அப்புறம் விளிம்பை நகத்தால் மெல்லத் தட்டுங்கள். அரக்கு பீங்கான் போலக் கணீரென்னும், வினைல் மந்தமாக ஒலிக்கும்.

நம் திருகோணமலைக் கடற்காற்றில் பூஞ்சணம் பிடித்த தட்டுக்கு, காய்ச்சி வடித்த நீரில் ஒரு சொட்டு சோப்பு விட்டு, லேபிள் நனையாமல் மென்துணியால் துடைத்தாலே போதும்.