நாகூரில் எந்தத் தகட்டை வாங்குவது?

போன வியாழக்கிழமை ராத்திரி நாகூர் தர்காவுக்குப் போயிருந்தேன். அங்கே கடைகளில் நேர்ச்சைத் தகடு விற்பார்கள். கை, கால், கண், வீடு, தொட்டில். எங்கே நோவோ அந்த உருவத்தை வாங்கிக் காணிக்கை போட வேண்டும். எனக்கு முன்னால் நின்ற அம்மா, கால் தகட்டை முந்தானையால் துடைத்துக்கொண்டே இருந்தார். "உங்களுக்கு என்ன தம்பி?" என்று கடைக்காரர் கேட்டதும் எனக்குப் பதில் வரவில்லை.

எனக்கு இருப்பது வரப்புத் தகராறு. அப்பா போனபின் பாகம் பிரித்தோம். நடுவரப்பை அண்ணன் முக்கால் அடி வெட்டி நகர்த்திவிட்டார். மூன்று வருஷமாகப் பேச்சு இல்லை. அந்த முக்கால் அடியில் விளையும் நெல் ஒரு வாரச் சோற்றுக்குக் காணுமா? ஆனால் எத்தனை ராத்திரி தூங்காமல் கிடந்திருக்கிறேன்!

தகடு வாங்காமலே போய், தஞ்சாவூர் பிரதாப சிம்ம மகாராஜா கட்டிய 131 அடி மினாராவுக்குக் கீழே உட்கார்ந்தேன். பாரசீகக் கவி ரூமி நினைவுக்கு வந்தார். இன்று அவரைக் காதல் ஸ்டேட்டஸ் ஆக்கிவிட்டோம், அதில் எனக்கு வருத்தம் உண்டு. 13ஆம் நூற்றாண்டில் அவர் பாடிய மஸ்னவி என்ற நூல் ஒரு நாணல் குழலின் அழுகையோடு தொடங்குகிறது. புதரிலிருந்து அறுத்துவிட்டார்களே என்று குழல் அழுகிறது. மூலத்தைப் பிரிந்த உயிரின் வலி அது.

ஆற்றங்கரையில் வளர்ந்தவர்களுக்கு இது சட்டென்று புரியும். சின்ன வயதில் கொறுக்கை என்கிற நாணல் தட்டையை அறுத்து ஊதிப் பார்ப்போம். வெறும் காற்றுதான், சத்தமே வராது. உள்ளே கணு அடைத்திருக்கும். கம்பியைப் பழுக்கக் காய்ச்சிக் குத்தினால் புகை வரும், கருகிய வாசம் வரும், அப்புறம்தான் மறுமுனையில் காற்று வரும்.

அந்தக் கணுவைத்தான் இஸ்லாமிய ஞானிகளான சூபிகள் நப்ஸு என்கிறார்கள். 'நான்', 'எனக்கு' என்று உள்ளே அடைத்துக்கொண்டிருக்கும் மனசு. முதலில் அது தீமைக்கு ஏவும். அப்புறம் தன்னையே பழித்துக்கொள்ளும். கடைசியில்தான் அமைதி அடையும். குர்ஆனிலேயே இந்த மூன்று நிலைக்கும் பெயர் இருக்கிறது. நம் துயரங்களில் முக்கால்வாசி இந்தக் கணுவால் வருவது என்பதே என் எண்ணம். அதைப் பெரிய ஆன்மத் தவிப்பு என்று சொல்லிக்கொள்ள நமக்குப் பிடிக்கிறது. நானும் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தேன்.

இதற்குப் பாரசீகம் வரை போகவும் வேண்டாம். திருச்சியில் வாழ்ந்த தாயுமானவர் 'பராபரமே' என்று முடித்துக் கண்ணி பாடினார். அவருக்குப் பின்வந்த குணங்குடி மஸ்தான் சாகிபும் அதே 'பராபரமே'யைச் சொல்லித்தான் அல்லாஹ்வைக் கூப்பிட்டார். ஒருவர் சைவர், இன்னொருவர் சூபி. அந்தச் சொல் யாருக்குச் சொந்தம் என்று மஸ்தானுக்குத் தோன்றவே இல்லை. நான் முக்கால் அடி மண்ணுக்கு மூன்று வருஷம் போராடியிருக்கிறேன்.

கிளம்பும்போது அதே கடையில் வீட்டுத் தகடு ஒன்று வாங்கினேன். காணிக்கை போடவில்லை, சட்டைப்பையில்தான் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை அண்ணன் வீட்டுக்குப் போகிறேன். அண்ணிக்கு மட்டும் சொல்லிவிட்டேன்.