பூநாரையோடு சேற்றையும் காட்டுங்கள்
சென்னைப் பிள்ளைகளைக் கடலோர உப்புநீர் ஏரியான பழவேற்காட்டுக்கு அழைத்துப்போய் பைனாகுலரில் பூநாரையைக் காட்டினாலே இயற்கைக் கல்வி ஆகிவிடும் என்கிறது ஒரு கட்டுரை. போதவே போதாது. வகுப்பு முழுக்கக் கும்பலாக நெருங்கினால் பறவைகள் எழுந்து போய்விடும். கரைச் சேற்றில் ஒரு சாண் சதுரம், ஒரு சாண் ஆழம் தோண்டி, 1 மி.மீ. கண் சல்லடையில் ஏரித் தண்ணீராலேயே அலசச் சொல்லுங்கள். நல்ல தண்ணீர் ஊற்றினால் புழுக்கள் துவண்டுவிடும். வெள்ளைத் தட்டில் விழும் சேற்றுப்புழு, நத்தை, பொடிச் சிப்பிதான் கரைப்பறவைகளின் சாப்பாடு. அடிச்சேறு கறுப்பாக, அழுகிய முட்டை நாற்றத்தோடு வரும். சாக்கடை என்று பிள்ளைகள் முகம் சுளிப்பார்கள். ஆக்சிஜன் எட்டாத அடுக்கு அது என்பதை அங்கேயே சொல்லிவிட வேண்டும். தண்ணீரும் 1 லிட்டர் பிடித்து வாருங்கள். பள்ளியில் ஆசிரியர் சிறு தீயில் வற்றக் காய்ச்ச, மிஞ்சும் உப்பைப் பிள்ளைகள் எடை போடட்டும். கடல்நீரில் சுமார் 35 கிராம் தேறும்; வடகிழக்குப் பருவமழை முடிந்த கையோடு எடுத்த ஏரி நீரில் நன்றாகக் குறையும், மே மாதம் ஏறும். துணியில் வடிகட்டாவிட்டால் வண்டலும் எடையில் சேர்ந்து கணக்கைக் கெடுக்கும். அதற்குக் கருத்து எழுதிய ஒரு வாசகர் ஆந்திரப் பக்கம் நேலபட்டு பறவைச் சரணாலயத்துக்குப் போகச் சொல்கிறார். கூழைக்கடா கூடுகளுக்கு அருமையான இடம், சேற்றில் கை வைக்க அல்ல. பழவேற்காடும் சரணாலயம்தான், வனத்துறையிடம் முன்கூட்டியே அனுமதி வாங்கி, அலசியதை அதே குழியில் போட்டு மூடுங்கள்.