பரிசோதனை கரைக்கு வரட்டும்

பாம்பன், சின்னப்பாலம் பக்கம் பாசி எடுக்கப் போகும் பெண்களிடம் வெள்ளைப்படுதல் பற்றிக் கேட்டுப்பாருங்கள். "உப்புத்தண்ணியிலயே கிடக்கோம், உடம்பு சூடு" என்பார்கள். தீட்டு அடியோடு நின்றுபோன வயதுக்குப் பிறகு ரத்தம் பட்டாலும் அதே பதில்தான். விரலில் துணியைச் சுற்றிக்கொண்டு, கடலுக்குள் முங்கிப் பாறையில் பாசி பறிக்கிறவர்களுக்கு எந்த வலியும் பெரிதாகத் தெரிவதில்லை. என் சித்தியும் அப்படித்தான் இருந்தார். கடைசியில் அது கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்.

2022இல் மட்டும் இந்தியாவில் சுமார் 1,27,000 பெண்களுக்குக் கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய் வந்தது. இறந்தவர்கள் கிட்டத்தட்ட 80,000 பேர். சினைப்பைப் புற்றுநோயைச் சீக்கிரம் கண்டுபிடிக்க நல்ல பரிசோதனை இன்னும் இல்லை. கர்ப்பப்பை வாய்ப் புற்று அப்படியில்லை. எச்பிவி என்கிற வைரஸ் கிருமி தொற்றி, அது புற்றாக மாறப் பெரும்பாலும் பத்து வருஷத்துக்கு மேல் ஆகும். வினிகரில் இருக்கும் அசிட்டிக் அமிலத்தைக் கர்ப்பப்பை வாயில் தடவி ஒரு நிமிஷம் கழித்துப் பார்த்தால், மாறத் தொடங்கிய இடம் வெள்ளையாகத் தெரியும். பயிற்சி பெற்ற நர்ஸே செய்துவிடலாம். நம் திண்டுக்கல் மாவட்டத்தில் நடந்த ஆய்வில், ஒரே ஒரு முறை இப்படிச் சோதித்ததிலேயே இந்த நோயின் சாவு 35 சதவீதம் குறைந்தது. 2007இல் வெளியான முடிவு இது. ஆனால் 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் 30 முதல் 49 வயதுக்குள் ஒருமுறையாவது சோதித்துக்கொண்ட பெண்கள் நூற்றுக்குப் பத்துப் பேர்கூட இல்லை. எனக்கு ஆத்திரம் வருவது இங்கேதான்.

முதல் கட்டத்திலேயே தெரிந்தால் பெரும்பாலோர் பிழைத்துக்கொள்கிறார்கள். உடம்பு முழுக்கப் பரவிவிட்டால் ஐந்து வருஷம் தாண்டுவது ஐந்தில் ஒருவர்கூட இல்லை. சித்திக்குத் தெரிந்தபோது கட்டி பக்கத்தில் பரவியிருந்தது. மதுரையில் கரண்ட், அதாவது கதிர்வீச்சு, வைக்கச் சொன்னார்கள். வாரத்துக்கு ஐந்து நாள், ஐந்து வாரம், அப்புறம் கர்ப்பப்பைக்கு உள்ளே வைக்கும் கதிர்வீச்சு வேறு. ராமேஸ்வரத்திலிருந்து மதுரை சுமார் 170 கிலோமீட்டர். காப்பீட்டு அட்டை சிகிச்சைக்கு உதவியது. தங்குவதற்கும், கூட இருந்தவர் இழந்த கூலிக்கும் யார் கொடுப்பது? பாதியில் வீட்டுக்கு வந்துவிட்டார். இடைவெளி விழுந்தால் கரண்டின் பலன் குறையும் என்று எங்களுக்கு யாரும் புரியும்படி சொல்லவில்லை. அடுத்த வருஷமே சித்தி போய்விட்டார்.

அதனால் கேட்கிறேன். முகாமை ஊருக்குள் போடுங்கள், பாசிக்குப் போகாத நாளாகப் பார்த்துப் போடுங்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்குத் தடைக்காலம். மீன் கம்பெனி வேலைக்குப் போகும் பெண்களுக்கும் அப்போதுதான் கொஞ்சம் ஓய்வு. சோதிப்பது பெண் நர்ஸாக இருக்கட்டும், மறைவான இடமாக இருக்கட்டும். சிகிச்சைக்கு மதுரை போகிறவர்களுக்குத் தங்க இடமும் தினப்படியும் வேண்டும். நம் ஊர்ச் சங்கங்கள் அடுத்த கிராமசபையில் இதைத் தீர்மானமாகக் கொண்டுவர வேண்டும்.