அந்தக் குரல்பதிவுக்கு என் பதில்

குரல்பதிவை எனக்கும் ஆறு பேர் அனுப்பிவிட்டீர்கள், இனி வேண்டாம். மே 5 அன்று, இங்கே கனடாவில் கொல்லப்பட்ட, காணாமல்போன பூர்வகுடிப் பெண்களுக்காக மெழுகுதிரியோடு நின்றவர்களைப் பார்த்து "வேலைவெட்டி இல்லாத சனம், றோட்டை மறிச்சுக்கொண்டு" என்று சொன்ன அண்ணையை எனக்கு நன்றாகத் தெரியும். தெரிந்ததால்தான் தாங்க முடியவில்லை.

அண்ணை, 2009 மே 10 அன்று, ஊரில் போரை நிறுத்தச் சொல்லி ரொறொன்ரோவின் கார்டினர் நெடுஞ்சாலையை மறித்துப் போய் இருந்தது யார்? நாங்கள்தானே. கார்களுக்குள் இருந்தவர்கள் எங்களைப் பார்த்து இதையேதான் சொன்னார்கள். அது உங்களுக்கு எவ்வளவு வலித்தது என்று எனக்குத் தெரியும், அன்றிரவு முழுக்க அதைப் பற்றித்தான் கதைத்தீர்கள்.

"மெழுகுதிரி கொளுத்தினால் ஆள் வந்துவிடுமா" என்று கேட்கிறீர்கள். மனிடோபா மாகாணத்தில் வின்னிபெக்கைப் பாருங்கள். 2022இல் கொலையான இரண்டு பூர்வகுடிப் பெண்களின் உடல்கள் குப்பைமேட்டில் கிடக்கின்றன என்று பொலிசுக்கே தெரியும். தெரிந்தும், தேட முடியாது என்றது பொலிஸ். மாகாண அரசும் மறுத்தது. 184 மில்லியன் டொலர் வரை செலவாகலாம் என்று கணக்கு வந்தது. பிள்ளைகளும் உறவினரும் குளிரில் கூடாரம் போட்டு இருந்தார்கள், நகரின் இன்னொரு குப்பைமேட்டுக்குப் போகும் பாதையை மறித்தார்கள். ஆட்சி மாறி, 2024 டிசம்பரில் தேடத் தொடங்கினார்கள். 2025 மார்ச் முடிவதற்குள் இரண்டு பேரையும் அடையாளம் கண்டாயிற்று. தெருவில் யாரும் நின்றிருக்காவிட்டால் அந்தத் தாய்மார் இன்றும் குப்பைக்குள்தான் கிடந்திருப்பார்கள்.

அடுத்தது, "அந்தப் பெண்களின் போக்கு அப்படி, குடி, போதை" என்ற பேச்சு. இதைக் கேட்டபோதுதான் எனக்குக் கை நடுங்கியது. 1980 முதல் 2012 வரை கொல்லப்பட்டும் காணாமலும் போன பூர்வகுடிப் பெண்கள் 1,181 பேர் என்று 2014இல் கனடாவின் மத்திய பொலிசே அறிக்கை விட்டது. அத்தனை பேருடைய போக்கும் பிழையா? சரி, ஒருத்தி குடித்தாள் என்றே வைத்துக்கொள்வோம். குடித்தவளைத் தேடக் கூடாதா? எங்கள் பொடியன்களைப் பற்றியும் "சும்மாவா பிடித்திருப்பான்" என்று கேட்டார்களே, மறந்துவிட்டீர்களா?

என் பெரியம்மா போர் முடிந்தபோது வட்டுவாகலில் தன் கையால் மகனை இராணுவத்திடம் ஒப்படைத்தவர். 2017 பெப்ரவரியில் கிளிநொச்சியில், காணாமலாக்கப்பட்ட பிள்ளைகள் எங்கே என்று கேட்டுத் தாய்மார் தெருவோரம் போய் இருந்தபோது அவரும் போனார். மகனின் படம் வெயிலில் வெளிறிப்போய் மூன்று தரம் புதுப் பிரதி எடுத்தாயிற்று. இங்கே அந்தப் பூர்வகுடிப் பெண்களின் நினைவாக மரங்களில் தொங்கும் வெறும் சிவப்புச் சட்டைகளைப் போன வருடம் வீடியோ கோலில் காட்டினேன். கனநேரம் பார்த்துக்கொண்டே இருந்தார். "அங்கயும் தாய்மார் இப்பிடித்தான் இருக்கினமோ பிள்ளை? அவையளுக்கும் ஒருத்தரும் பதில் சொல்லேல்லையோ?" என்று மட்டும் கேட்டார்.

"எங்கள் பிரச்சினை வேறு, அவர்களுடையது வேறு" என்று எழுத வருபவர்கள் எழுதுங்கள். வேறுதான். அதற்காக அந்தத் தாயைப் பார்த்து வேலைவெட்டி இல்லாதவள் என்று சொல்லலாமா? பெரியம்மாவையும் ஊரில் அப்படிச் சொன்னார்கள் அண்ணை. சொன்னவர்களும் தமிழர்தான்.

ஒக்டோபர் 4 அன்று மறுபடி மெழுகுதிரி ஏற்றுவார்கள். நான் வேலையால் நேரே போகிறேன். காரில் மூன்று பேருக்கு இடம் இருக்கிறது. அண்ணை, உங்கள் வீட்டு வழியால்தான் வருவேன்.